சோதனைக்குப் போட்ட கெட்டிமேளம்

கல்யாண வீட்டில் யார் வேலை பார்க்கிறார்கள் என்று ஒருவரும் கவனிப்பதில்லை. யார் சத்தம் போடுகிறார்கள் என்றுதான் கவனிப்பார்கள். அடுப்படியில் வெந்து கிடக்கிறவளுக்குக் கிடைக்காத மரியாதை, பந்தலில் நின்று "இலையப் போடு, இலையப் போடு" என்று கத்துகிறவருக்குக் கிடைக்கும். அதனால் சத்தம் போடுவதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாம் என்று எங்கள் வீட்டுக்காரர் சொன்னபோது, இதைவிட நல்ல யோசனை உலகத்தில் இல்லை என்று தலையை ஆட்டினேன். கல்யாணமான புதிது. அவர் எதைச் சொன்னாலும் ஆட்டுவேன்.

தொழில் என்றால் மைக் செட். ஒரு ஆம்ப்ளிபயர் பெட்டி, லாரி பாட்டரி, சாவி கொடுத்தால் சுற்றுகிற கிராமபோன், ஒரு கட்டு பாட்டுப் பிளேட்டு, பூசணிப்பூ மாதிரி வாயை விரித்த குழாய் ஒன்று. குழாயைப் பனை உச்சியில் கட்டிவிட்டால் கண்மாய் தாண்டி அடுத்த ஊருக்கும் பாட்டுக் கேட்கும். மரம் ஏறுவது அவர் வேலை. பிளேட்டு மாற்றுவது என் வேலை. (எழுத்துக் கூட்டத் தெரியாதவளுக்கு இந்த வேலையான்னு கேக்காதீங்க. எனக்குப் பனை ஏறவும்தான் தெரியாது.) சாமி பாட்டுப் பிளேட்டில் திருநீறு தடவி வைத்திருந்தேன், சினிமாப் பாட்டில் கண்மை, கெட்டிமேளத்தில் மஞ்சள். திருநீறு உதிர்ந்துவிடும், மை ஈஷிக்கொள்ளும். மஞ்சள் மட்டும்தான் அசையாது. ஆகவே அந்தக் கட்டில் எனக்குச் சந்தேகமே இல்லாத பிளேட்டு கெட்டிமேளம் ஒன்றுதான்.

மாமனாருக்கு இதில் துளி நம்பிக்கை கிடையாது. கொழும்பில் அவருடைய பங்காளி கடை வைத்திருந்தார். மகனை அங்கே அனுப்பிவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"ஒரு கல்யாணத்த நடத்திக் காட்டட்டும். சரியா வந்தா இங்கனயே இருக்கட்டும். இல்லைன்னா தனுஷ்கோடிக்குக் கூட்டிப் போயி நானே கப்பலேத்தி விட்டுருவேன்" என்றார்.

கொழும்பு போனவர்கள் வருஷக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். எனக்கு அவரோடு ஒரு பொங்கல்கூட ஆகவில்லை. (அம்புட்டுப் பேரும் என்னைத் தொழிலில் ஆசையுள்ளவள்னு நெனச்சாக. நானும் ஆமான்னு இருந்துட்டேன்.)

சாயல்குடிப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் முதல் கல்யாணம் கிடைத்தது. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், இன்றைக்கும் கம்போடு வருவார்கள். நல்ல முகூர்த்த நாள், சுற்றுவட்டாரத்தில் மேளக்காரர் ஒருவர்கூட அகப்படவில்லை. அதனால்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். மாமனாரும் வந்து முதல் வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அன்று திங்கட்கிழமை. காலையில் ராகுகாலம் கழிந்த பிறகுதான் முகூர்த்தம். அது கழியுமுன்பே இவர் பனை உச்சியில் குழாயைக் கட்டிவிட்டு மேலேயிருந்து கத்தினார்.

"ஏ புள்ள! கேக்குதான்னு பாக்கணும், ஏதாச்சும் ஒரு பிளேட்டப் போடு!"

ஏதாச்சும் ஒன்று என்றால்? எனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் போடுவேன். முள்ளை வைத்தேன். டும்டும்டும்டும் என்று நாலு ஊர் அதிர்ந்தது.

பந்தலில் அட்சதைத் தட்டு அப்போதுதான் சனத்துக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. மேளம் கேட்டதும் சனம் யோசிக்குமா? கையிலிருந்த அட்சதையை அள்ளி வீசியது. பெண் இன்னும் வீட்டுக்குள் தலை பின்னிக்கொண்டிருந்ததால், தட்டை ஏந்தி நின்ற கிழவரின் வழுக்கைத் தலையில்தான் அத்தனையும் விழுந்தது. அவர் பாவம், கும்பிடு போட்டு வாங்கிக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள். மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. ஆனாலும் இத்தோடு போனது என்று மூச்சு விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் வறண்டு கிடந்த கண்மாய்க்குள் புழுதி கிளம்பியது. வேட்டியை மடித்துக் கட்டிய பத்துப் பதினைந்து பேர் ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவர் கையில் கம்பு.

"எவன்லே இங்கன மேளம் போட்டவன்?"

பெண்ணின் அப்பா எழுந்தார். "எங்க வீட்டு மேளத்துக்கு நீங்க ஏன்யா குதிக்கிறீக?"

"குதிக்காம? எங்க ஊருலயும் இன்னைக்குக் கல்யாணம்யா. நாந்தான் பொண்ணுக்குத் தாய்மாமன். எங்களுக்கும் மேளம் கிடைக்கல, ஊருல கடியாரமும் இல்ல. ரெண்டு வீட்டுக்கும் ஒரே முகூர்த்தந்தானே, உங்க மேளம் கேக்கையில நாங்களும் கட்டிருவோம்னு பொண்ணு மாப்பிள்ளைய உக்கார வச்சு, கையில தாலியக் குடுத்து வச்சிருந்தோம். டும்முன்னு கேட்டுச்சு, மூணு முடிச்சும் போட்டுப்புட்டான்!"

"அய்யய்யோ, ராகுகாலமாச்சே!"

"அதச் சொல்லத்தான்யா கம்போட வந்துருக்கேன்!"

எல்லார் கண்ணும் பனைமரத்துக்குப் போனது. இவர் மட்டையோடு மட்டையாக ஒட்டிக்கொண்டார்.

"எறங்குலே கீழ!"

"நான் போடலண்ணே. கீழ ஒரு புள்ள இருக்கு பாருங்க, அதுதான் போட்டுச்சு."

(இந்த மனுசனைக் கொழும்புக்கு அனுப்பாம வச்சுக்கத்தான் நான் அம்புட்டுப் பாடு பட்டது.)

கம்பு என் பக்கம் திரும்பியது. பயத்தில் வாய் தன்னால் பேசிவிட்டது. "கோவிச்சுக்காதீக அண்ணே. இப்ப என்ன, கட்டுனத அவுத்துட்டு..."

முடிக்கவில்லை. பந்தலே "ஆத்தாடி!" என்று நெஞ்சில் கை வைத்தது. புதுத்தாலியை அவிழ்க்கச் சொன்ன ஒரே பெண்பிள்ளை இந்தச் சீமையில் நான்தான். மாமனார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அந்தத் துண்டுக்குப் பின்னால் கப்பல் சங்கு ஊதியது எனக்குக் கேட்டது.

"அவுக்க வேணாம் அண்ணே, அவுக்க வேணாம்!" என்று அலறினேன். "மஞ்சக்கயித்துல ஒரு மஞ்சத்துண்டக் கோத்து, நல்ல நேரத்துல அதுமேலயே இன்னொன்னு கட்டச் சொல்லுங்க. மேளம் நான் போடுறேன்!"

தாய்மாமன் கம்பைக் கீழே ஊன்றி யோசித்தார். "அதுவுஞ் சரிதான். ஆனா இந்தத் தடவ கொழாய எங்க ஊரப் பாத்துத் திருப்பணும். லேசாக் கேட்டதாலதான், எங்க நின்னுருமோன்னு அவசரத்துல கட்டிப்புட்டான்."

"பணம் குடுத்துக் கூப்பிட்டவன் நான், மேளம் உங்க ஊருக்கா?" என்று பெண்ணின் அப்பா பாய்ந்தார்.

இருப்பதோ ஒரு குழாய். கடைசியில், அது கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று முடிவானது. முகூர்த்தத்துக்கு நான் முள்ளை வைக்க, இவர் மர உச்சியில் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முறத்தால் புடைப்பதுபோல இங்கும் அங்கும் திருப்பினார்.

எங்கள் பந்தல் மாப்பிள்ளை பயந்த சுபாவம். மேளம் காதில் விழுந்தால் முடிச்சுப் போடுவார். குழாய் அந்தப் பக்கம் போனதும், கட்டலாமா கூடாதா என்று கையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார். "கட்டுலே!" என்று சனம் கத்தும். அதற்குள் மேளம் திரும்பி வரும், சனம் அட்சதை போடும், மறுபடி மேளம் போய்விடும். பெண் பொறுத்துப் பார்த்துவிட்டு, குனிந்த தலை நிமிராமல், "நீங்க பாட்டுக்குக் கட்டுங்க, அது வரும்" என்றாளாம். கண்மாய்க்கு அந்தப் பக்கமும் இதே கூத்துத்தான் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

எல்லாம் முடிந்து சாப்பாட்டுப் பந்தியில் தாய்மாமனும் உட்கார்ந்தார். இரண்டு இலை பாயசத்துக்குப் பிறகு மனம் இளகியது.

"அடுத்த மாசம் எங்க வீட்டுல காதுகுத்து. இந்தச் செட்டுதான் வரணும். ஆனா ஒண்ணு, சோதனைக்குப் போட்டா சோதனைன்னு அந்தப் புள்ள வாயால மொதல்ல சொல்லிட்டுப் போடணும்."

நான் மாமனாரைப் பார்த்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இவனக் கொழும்புக்கு அனுப்புனா, அங்கன எத்தன பேரு ராகுகாலத்துல தாலி கட்டுவாகளோ. கெடக்கட்டும், நம்ம கண்ணு முன்னாலயே கெடக்கட்டும்" என்றார்.

அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் முதல் பிளேட்டுக்கு முன்னால் என் குரல்தான்: "இது சோதனை. யாரும் தாலி கட்டிராதீங்க." காதுகுத்துக்குப் போனால், "யாரும் காது குத்திராதீங்க." அய்யனார் கோவிலில், "யாரும் கெடா வெட்டிராதீங்க." இதைக் கேட்பதற்கென்றே சனம் முன்கூட்டி வந்து உட்கார்ந்துவிடும். இவரைக் கடல் தாண்டவிடாமல் பிடித்து வைத்தது அந்த ஒரு வரிதான்.

எங்கள் வீட்டில் இப்போது அது ஊறிப்போய்விட்டது. புதுக் குக்கர் முதல் விசில் அடித்தாலும், செல்போனில் புதுப் பாட்டு வைத்தாலும், ஆளுக்கொரு மூலையிலிருந்து அதைத்தான் கத்துவார்கள். போன வாரம் பேத்தியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். எல்லாருக்கும் பிடித்துப்போய், பேச்சு முடிகிற நேரம். வாசலில் புது மணி மாட்டிக்கொண்டிருந்த எலெக்ட்ரீசியன் ஒரு அமுக்கு அமுக்கினார். அடுப்படி, மாடி, கொல்லை, எல்லா இடத்திலிருந்தும் ஒரே நேரத்தில்: "யாரும் தாலி கட்டிராதீங்க!"

வாயில் கேசரியோடு மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். பேத்தி உள்ளேயிருந்து, "அப்பத்தா, அது சும்மான்னு சொல்லு அப்பத்தா!" என்று அலறினாள்.

அவர் அந்தக் கேசரியை விழுங்கி முடிக்கிறவரை வேடிக்கை பார்த்துவிட்டுத்தான், "அது சோதனை தம்பி" என்றேன்.