சுழியத்துக்கு ஒரு வாசகர்

காலை ஒன்பது பத்துக்கு அந்த ஆள் வழக்கம்போல வந்துவிட்டுப் போனார். ஒன்பது பன்னிரண்டுக்கு மறுபடியும் வந்தார். பத்து மணிக்குள் ஐந்து முறை ஆகிவிட்டது. வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. எர்னஸ்ட் கைப்பேசியில் ஏறிக்கொண்டே போன எண்ணிக்கையைப் பார்த்தபடி, தட்டிலிருந்த இட்லியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஆறிப்போவுது, துன்னுங்க," என்றார் அவர் மனைவி யூனிஸ்.

"அந்த ஆளு இன்னிக்கும் நல்லா இல்ல யூனிஸ்."

சித்தூரில் ஒரு தனியார் கல்லூரி நூலகத்தில் முப்பத்தோரு வருஷம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் எர்னஸ்ட். பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்ததைவிட, தானே படித்துக் குறிப்பெடுத்ததுதான் அதிகம். அறிவியல், தத்துவம், மொழி, மதம் என்று முப்பத்தாறு நோட்டுகள் சேர்ந்தன. ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்க முடியாமல் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டு முப்பத்தேழாவது நோட்டையும் நிரப்பினார். படிக்கத்தான் ஆளில்லை. சபைப் போதகர் ஒருமுறை பத்து நிமிஷம் கேட்டுவிட்டு, ஒரு நோயாளியைப் பார்க்கப் போக வேண்டும் என்று எழுந்தார். எந்த நோயாளி என்று எர்னஸ்ட் விசாரித்தபோது அவர் யோசிக்க வேண்டியிருந்தது.

பெங்களூரில் வேலை செய்யும் மகன் ஜெர்ரி கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவன், அப்பாவின் முகம் நாளுக்கு நாள் சுருங்குவதைப் பார்த்துவிட்டு, எல்லாக் குறிப்புகளையும் இணையத்தில் ஏற்றிக் கொடுத்தான். இருநூற்றுப் பதினான்கு பக்கங்கள். எந்தப் பக்கத்துக்கு எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்க்கவும் வழி செய்துவிட்டுப் போனான். அது செய்திருக்கக் கூடாத காரியம். எட்டு மாதத்தில் இருநூற்றுப் பதின்மூன்று பக்கங்களுக்கு யாருமே வரவில்லை.

மிச்சமிருந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் திருப்பதியிலிருந்து ஒரே ஒருவர் தினமும் வந்தார்.

அந்தப் பக்கத்தின் தலைப்பு 'சுழியம்'. எர்னஸ்ட் எழுதி முடிக்காத பக்கம் அது. நாலே வரிகள். வெற்றிடம் என்று நாம் சொல்லும் இடத்திலும் ஏதோ துடித்துக்கொண்டிருக்கிறது என்கிறது அறிவியல். எல்லாம் கழிந்த பின் மிஞ்சுவது எது என்று கேட்கிறது தத்துவம். எழுவாய் வேற்றுமைக்கு உருபு கிடையாது, ஆனாலும் வாக்கியமே அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது என்கிறது இலக்கணம். நிரலில் எண்ணுவதே சுழியத்திலிருந்துதான் தொடங்குகிறது. மதத்துக்கு நேராக மட்டும் 'பிறகு' என்று எழுதி விட்டிருந்தார்.

முதலில் எர்னஸ்டுக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது. போகப்போக அது கலக்கமாக மாறியது. ஒரு மனிதன் வெறுமையைப் பற்றிய நாலு வரியை மாதக்கணக்கில் தினமும் ஏன் படிக்க வேண்டும்? மழை நாட்களில் எண்ணிக்கை கூடியது. ஒரு புயல் நாளில் பதினேழு முறை. ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை என்பதால் சபைக்குப் போகிறவராக இருக்கலாம் என்று எர்னஸ்ட் கணித்தார். இரண்டாம் சனிக்கிழமையும் வருவதில்லை. அது எந்த மதத்தில் விசேஷம் என்று இருபத்தோராவது நோட்டில் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை.

வேறொருவராக இருந்தால் இதை அத்தோடு விட்டிருப்பார். எர்னஸ்டால் முடியாததற்குக் காரணம் உண்டு. நூலகத்தில் அவரோடு விஜயராகவன் என்று ஒருவர் வேலை பார்த்தார். ஒரு சாயங்காலம் எர்னஸ்டின் மேஜைக்கு வந்து, கொஞ்சம் பேசணும் என்றார். எர்னஸ்ட் அப்போது எலக்ட்ரானைப் பற்றி முக்கியமான குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே, நாளைக்குப் பேசலாம் என்றார். மறுநாள் விஜயராகவன் வரவில்லை. அதற்கு மறுநாள் அவருடைய பாடைக்குப் பின்னால் எர்னஸ்ட் நடந்து போனார். பதினோரு வருஷம் ஆகிறது. அந்த எலக்ட்ரான் குறிப்பு பாதியிலேயே நிற்கிறது.

ஆகவே இந்த முறை உடனே செயலில் இறங்கினார்.

'பிறகு' என்ற இடத்தில், வெறுமையிலிருந்துதான் எல்லாம் படைக்கப்பட்டது, எனவே மனம் தளர வேண்டாம் என்று எழுதிச் சேர்த்தார். பலன் இல்லை. அந்த ஆள் வந்தார், இரண்டு நொடி இருந்தார், போனார். இரண்டு நொடியில் எப்படிப் படிக்க முடியும் என்று ஜெர்ரியைக் கேட்டதற்கு, படிக்க முடியாது நைனா என்றான் அவன். அப்படியானால் மனப்பாடமே ஆகிவிட்டது என்று எர்னஸ்ட் புரிந்துகொண்டார். கலக்கம் இரட்டிப்பானது.

அடுத்து, 'மனம் விட்டுப் பேச வேண்டுமானால் அழைக்கவும்' என்று தன் எண்ணைப் போட்டார். ஒரே ஒரு அழைப்பு வந்தது, குடுபல்லியிலிருந்து. பத்தாவது படிக்கும் தன் மகளுக்கு ப்ராஜெக்ட் எழுதிக் கொடுப்பீர்களா என்று ஒருவர் கேட்டார். இது பேச்சைத் தொடங்குவதற்கான சாக்கு என்று நினைத்த எர்னஸ்ட், வாழ்க்கையின் மதிப்பைப் பற்றி அவரிடம் முக்கால் மணி நேரம் பேசினார். மறுமுனையில் கடைசியில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. வைத்துவிட்டுப் போயிருந்தார்.

"எழுத்தெல்லாம் போதாது. வெளிச்சம் வேணும்," என்று முடிவு செய்தார் எர்னஸ்ட்.

சந்திரகிரிக் கோட்டைக்குப் போய்ச் சூரியோதயத்தைப் பன்னிரண்டு படம் எடுத்து வந்தார். யூனிஸ் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர், அந்தக் காலத்தில் வார்டில் ஜெபத்துக்குப் பாடியவர். தொண்டை கட்டியிருந்தும் அவரைப் பாட வைத்துப் பதிவு செய்தார். பக்கம் திறந்தவுடனே பாட்டு தானாகக் கேட்கும்படி முப்பத்தேழாவது நோட்டைப் பார்த்துப் பார்த்து நிரல் எழுதினார். இத்தனையையும் ஒரே பக்கத்தில் ஏற்றாதீங்க நைனா என்று ஜெர்ரி சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாம் ஏறி முடிந்தது.

திங்கட்கிழமை அந்த ஆள் வரவில்லை.

செவ்வாய் வரவில்லை. புதனும் வரவில்லை. எண்ணிக்கைக் கட்டத்தில் பெரிதாக ஒரு சுழியம் மட்டும் நின்றது. எர்னஸ்ட் முகம் சவரம் செய்வதை விட்டார். புதன்கிழமை சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்து, "நான் எதையோ சொல்லி அந்த ஆளை முடிச்சுட்டேன்," என்றார்.

யூனிஸ் எத்தனையோ சாவுகளைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அவருக்குத் திருப்பதி ஆளைவிட வாசற்படியில் இருந்த ஆளைப் பற்றித்தான் பயம். ஜெர்ரிக்குப் போன் செய்து, அந்த ஆள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்றார். அரை மணி கழித்து ஜெர்ரி ஒரு அரசு அலுவலகத்தின் பெயரைச் சொன்னான். அங்கிருந்த இணைப்பிலிருந்துதான் வந்திருக்கிறார்.

வியாழக்கிழமை காலை இருவரும் திருப்பதிக்குப் பஸ் ஏறினார்கள். அலுவலகத்தில் ஒயர்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தன. வெள்ளையடிக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எர்னஸ்ட், வாசலில் இருந்த அட்டெண்டரிடம், இந்த வாரம் வேலைக்கு வராமலிருப்பவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார். அட்டெண்டர் தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தார். ஒக்கரே ஒக்கரு, ஒரே ஆளுதான், கம்ப்யூட்டர் செக்ஷன் பச்சையப்பன். திங்கட்கிழமை சாயங்காலம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கினு போனவர்தான், ஆபீஸிலிருந்து அடித்தால் போனை எடுப்பதில்லை. வீடு ரேணிகுண்டாவில்.

எர்னஸ்ட் விலாசத்தைக் கேட்டு உள்ளங்கையிலேயே எழுதிக்கொண்டார். யூனிஸ் ரேணிகுண்டா பஸ்ஸைத் தேடினார்.

ரேணிகுண்டாவில் வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டினால், பச்சையப்பனின் மனைவி ரேகா மாவுக் கையோடு வந்து திறந்தார். என்ன சொல்ல வேண்டும் என்று எர்னஸ்ட் வழியில் எதுவும் யோசித்து வைக்கவில்லை.

"அம்மா, நீங்க தைரியமா இருக்கணும்," என்றார்.

ரேகா அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். யூனிஸ் பதறிப்போய் முன்னால் வந்து, அப்படியெல்லாம் ஒன்றும் ஆகவில்லை, இன்னும் எதுவும் தெரியாது என்றார். அதைக் கேட்டபின் ரேகா வாய்விட்டே அழத் தொடங்கினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து தண்ணீர் கொடுத்தார்கள். பிறகுதான் விஷயம் புரிந்தது. பச்சையப்பன் தினமும் எட்டரை மணிக்குச் சாப்பாட்டு டப்பாவோடு ஆபீஸுக்குக் கிளம்பிப் போகிறார், சாயங்காலம் திரும்பி வருகிறார். இன்றைக்கும் போயிருக்கிறார். அவர் மூன்று நாளாக ஆபீஸுக்கே வரவில்லை என்று எர்னஸ்ட் சொன்னபோது ரேகாவின் அழுகை சட்டென்று நின்றது. கைப்பேசியை எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்து, புருஷனைக் கூப்பிட்டார்.

"எங்க இருக்க?"

"ஆபீஸ்லதான். ஃபைலு பாத்துக்கினு இருக்கேன்," என்றது களைத்த குரல். அதற்குப் பின்னால் ஒரு பெண் குரல், தயசேசி வினண்டி என்று தெலுங்கில் கவனிக்கச் சொல்லித் தொடங்கி, சென்னை போகும் ரயில் எந்த மேடைக்கு வருகிறது என்று கணீரென்று சொன்னது.

ரயில் என்ற சொல் எர்னஸ்டின் நெஞ்சில் போய் இடித்தது. அறுபத்தோரு வயதில் அவர் அப்படி ஓடியதை யூனிஸ் பார்த்ததில்லை. ஸ்டேஷனில் மேடையின் கடைசி பெஞ்சில், திறக்காத சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தண்டவாளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ரேகா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டுவதற்கு வந்தவர், சாப்பிட்டியா என்றுதான் கேட்டார்.

எர்னஸ்ட் மூச்சு வாங்க மறுபக்கம் உட்கார்ந்தார். பதினோரு வருஷமாக யாரிடமோ சொல்ல வைத்திருந்ததைச் சொன்னார்.

"எனக்கு இன்னிக்கு வேற வேலை எதுவும் இல்ல. நீங்க பேசுங்க. எவ்ளோ நேரம் ஆனாலும் கேக்கறேன்."

யாரென்றே தெரியாதவர் இப்படிச் சொன்னதும் பச்சையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. மெதுவாகச் சொன்னார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். திங்கட்கிழமை தன் கையால் ஒரு தப்பு நடந்துவிட்டது. மொத்த ஆபீஸும் படுத்துவிட்டது. அதிகாரி எல்லார் எதிரிலும் உனக்கு என்ன தெரியும் என்று கேட்டு, மெமோ கொடுத்துவிட்டார். அந்த முகத்தோடு ஆபீஸுக்குப் போகவும் முடியவில்லை, வீட்டில் சொல்லவும் வாய் வரவில்லை. போன வாரம் வரைக்கும் தனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. இப்போதுதான் எல்லாமே சூன்யமாகத் தெரிகிறது.

ஒரு ரயில் வந்து நின்று, போயிற்று. எர்னஸ்ட் அவர் தோளில் கை வைத்தார். தான் சித்தூர் எர்னஸ்ட் என்றும், அவர் தினமும் வந்து படித்துப் போகிற அந்தச் சுழியம் பக்கத்தை எழுதியது தான்தான் என்றும் சொன்னார். அவர் துக்கம் தனக்கு எட்டு மாதமாகத் தெரியும் என்றார். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு படமும் ஒரு பாட்டும் சேர்த்ததாகவும் சொன்னார். பச்சையப்பன் முகத்தைத் திருப்பி அவரையே பார்த்தார். யூனிஸ் புடவை முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா?" என்றார் எர்னஸ்ட் தயங்கித் தயங்கி. "அந்த நாலு வரில எது உங்களப் புடிச்சு வச்சுது?"

பச்சையப்பன் மடியிலிருந்த டப்பாவைப் பெஞ்சில் இறக்கி வைத்தார். பிறகு சொன்னார்:

"படிச்சதில்ல சார், குட்டிப் பக்கம், சட்டுனு தொறந்துக்கும், நெட்டு வருதான்னு பாக்க அதைத்தான் தெனமும் அமுக்குவேன், திங்கக்கிழமை அது தொறக்கல, சரி நெட்டே போச்சுன்னு ஆபீஸ் ஒயரையெல்லாம் புடுங்கிப் போட்டேன்."