சீட்டோடு போன நங்கூரம்

அன்பிற்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு, அத்தான் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அக்காவும் நலம். வெளியூர் வேலைக்குப் போகும்போது நீங்கள் எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போன பாய்மரப் படகும் நலம். இக்கடிதம் கண்டவுடன் அதை விற்க ஏற்பாடு செய்யவும். அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.

மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து அக்கா முகத்தில் சிரிப்பே இல்லை, தீவுகளுக்கு நடுவே நாலு நாள் நிம்மதியாக இருந்துவிட்டு வாருங்கள் என்று பாய் ஏற்றவும் இறக்கவும் சொல்லிக்கொடுத்து ஏற்றிவிட்டீர்கள். நானும் கிளம்பினேன். ஆயுள் முழுக்க ஸ்டோர் கீப்பராக இருந்தவன் அல்லவா, கயிறு கண்டபடி கிடந்தால் எனக்குக் கை துறுதுறுக்கும். போகும் வழியிலேயே சும்மா கிடந்த கயிறுகளை எல்லாம் முடிச்சவிழ்த்து, வட்டமாகச் சுருட்டி, ஒவ்வொன்றிலும் பெயரெழுதிய சீட்டைக் கட்டி அடுக்கினேன். நங்கூரக் கயிற்றின் மறுமுனையைப் படகின் முன்பக்கத்துப் பெட்டிக்குள் ஒரு வளையத்தில் கட்டியிருந்தார்கள். அதையும் விட்டுவைக்கவில்லை.

"எதுக்கோ கட்டியிருக்காங்க, விட்டுடுங்க" என்றாள் உங்கள் அக்கா. கேட்டேனா?

இரண்டு தீவுகளுக்கு நடுவே தண்ணீர் அசையாமல் கிடந்தது. அங்கே ஏற்கெனவே நின்றிருந்த படகில் ஒரு தம்பதி தேநீர் குடித்துக்கொண்டே எங்களைப் பார்த்தார்கள். பார்க்க ஆள் இருந்தால் எனக்கு மிடுக்கு வந்துவிடும், உங்களுக்குத் தெரியாததா. பாயை இறக்கிவிட்டு, முன்னால் போய் நெஞ்சை நிமிர்த்தி நங்கூரத்தைப் போட்டேன். கயிறு சரசரவென்று போயிற்று, போய்க்கொண்டே இருந்தது, கடைசியில் 'நங்கூரக் கயிறு' என்று நான் எழுதிய சீட்டும் என் கண்ணெதிரே முங்கியது. வந்த வேகம் அடங்காமல் படகு நேராகத் தேநீர்க்காரர்களிடம் போயிற்று. அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் காலால் தடுத்தார், பிறகு பெரிய மனது பண்ணி எங்களைத் தம் படகோடு சேர்த்துக் கட்டச் சொன்னார். முடிச்சுப் போட்டது அவர் மனைவி. என்னைத் தொடவே விடவில்லை. மறுநாள் எங்களை இழுத்துக்கொண்டு வந்து கரை சேர்த்ததும் அவர்கள்தான்.

உங்கள் அக்கா வழி நெடுக வாயைப் பொத்திக்கொண்டே வந்தாள். இந்த வயதில் எனக்கு இது தேவையா, சொல்லுங்கள். அந்தப் படகு இருக்கும்வரை துறைப்பக்கம் நான் தலை காட்ட முடியாது. வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள்.

உங்கள் வீட்டார் அனைவருக்கும் எங்கள் ஆசிகள். நீங்கள் கட்டிய முடிச்சுகளை யாரும் அவிழ்க்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடி அடுக்களைக்குப் போனேன். உங்கள் அக்கா பாத்திரம் துலக்கியபடி, "சீட்டு வேற" என்று தனக்குத் தானே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது. படகை விற்க வேண்டாம். நல்ல நங்கூரமாக ஒன்று பார்த்து அனுப்புங்கள். இதை எழுதும்போது என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள்.

"ரெண்டா அனுப்பச் சொல்லுங்க" என்கிறாள்.