லில்லியின் உரிமையாளர்கள்

பால் பண்ணை மானியம் யாருக்குப் போகிறது என்பதைப் பொதுமக்கள் பார்க்கும்படி பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று எங்கள் மாங்கரைவிளையில் பல வருடம் போராடினோம். மறியல் செய்தோம். துண்டறிக்கை அடித்தோம். ஒருமுறை வாயில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு நின்றோம். அன்று மட்டும் அதிகாரிகள் எங்களிடம் அன்பாகப் பேசினார்கள்.

கடைசியில் மேன்மைதங்கிய மானிய அலுவலகம் இறங்கி வந்தது. பலகை வந்தது. பயனாளி ஒவ்வொருவரும் தத்தம் மாட்டோடு நிற்கும் வண்ணப்படம். ரிப்பன் வெட்டி, பாயசம் கொடுத்தார்கள். மார்த்தாண்டத்தில் அடித்த பிளக்ஸ் ஒன்றை நாங்களும் கட்டினோம்: ‘வெளிப்படைத்தன்மைக்கு வெற்றி!’ கீழே எங்கள் முகங்கள்.

பலகையில் ஆட்கள் வேறு வேறு. மாடு ஒன்றுதான். நெற்றியில் வெள்ளைப் பொட்டு, இடது கொம்பு வளைவு. செல்போன் கடை லிபினின் படத்தில் மட்டும் அதற்குக் கூலிங் கிளாஸ் போட்டிருந்தது.

அது நேசபாயின் லில்லி. ஊரில் நிஜமாகவே மாடு வைத்திருப்பவள் அவள் ஒருத்திதான். கல்யாண வீட்டுக்கு அண்டாவும் பெஞ்சும் இரவல் கொடுப்பது எங்கள் வழக்கம். போட்டோவுக்கு மாடு கேட்டபோதும் அவளுக்கு இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. குளிப்பாட்டி, ரிப்பன் கட்டியே அனுப்பினாள்.

காற்றில் தொழுவத்தின் கூரை பறந்து போயிருந்தது. லில்லி நிறைசினை. மழைக்கு முன் கூரை போட அவளும் மானியம் கேட்டுப் போனாள். அதிகாரி ஜாஸ்பர் அவள் கொடுத்த படத்தை உற்றுப் பார்த்தார்.

“இந்த மாடு ஏற்கெனவே பலகையில் இருக்கிறது. அடுத்தவர் மாட்டைக் காட்டி மானியம் கேட்பது குற்றம், தெரியுமா அம்மா?”

“எனக்க மாடாக்கும் சாரே அது. ஆளுவ போட்டோ பிடிக்கக் கேட்டாவ, குடுத்தேன்.”

“ஆதாரம்?”

“பாலு கறக்கது நானாக்கும்.”

“பால் கறப்பது உரிமைக்கு ஆதாரம் ஆகாது. பயனாளிகள் ஒருவருமே கறப்பதில்லை.”

“ஒரே மாட்டுக்கு இத்தன உடமஸ்தனா?”

“ஒரே மாடு என்று யார் சொன்னது? கோப்புக்கு ஒரு மாடு.”

“எல்லாத்துக்கும் கொம்பு ஒண்ணுபோல வளையுமா சாரே?”

“அது அந்த இனத்தின் சிறப்பு. கள ஆய்விலேயே எழுதியிருக்கிறோம்.”

“பின்ன எனக்க மாடு எங்க?”

“அதைத்தான் பலகையில் காணோமே.”

நாங்கள் கொதித்தெழுந்தோம். கொடி பிடித்து அலுவலகத்தை முற்றுகையிட்டோம். ஜாஸ்பர் வெளியே வந்து, “பலகையில் இல்லாத இரண்டு பேர் சாட்சி சொல்லட்டும். மாட்டை அவருக்கே எழுதித் தருகிறேன்” என்றார்.

எல்லோரும் எங்கள் சங்கத் தலைவர் குமாரதாஸைப் பார்த்தோம். தலைவர் கண்ணாடியைத் துடைத்தார். பலகையின் மூன்றாம் வரிசையில் லில்லியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“சங்கத்துக்காக வேண்டின பணமாக்கும் மக்கா” என்றார்.

செயலாளர் செல்வன் தன் செருப்பைப் பார்த்தார். அவர் மனைவி ஐந்தாம் வரிசை. மீதிப் பேருக்கு மச்சானோ மருமகனோ அங்கே இருந்தார்கள்.

“ஏலே, பலகையில இல்லாத ஒருத்தனும் இல்லியா இஞ்ச?” என்றாள் நேசபாய்.

நாங்கள் கொடிகளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டோம்.

ஜாஸ்பர் கருணையுள்ளவர். ‘பயனாளிகளின் மாடுகளை ஊதியமின்றிப் பராமரிக்கும் தன்னார்வலர்’ என்று நேசபாய்க்கு ஒரு சான்றிதழ் எழுதி, லேமினேட் செய்தும் கொடுத்தார். போராட்டம் வெற்றி பெற்றதாக அறிவித்து, கை தட்டிக் கலைந்தோம்.

மறுநாள் மழை பிடித்தது. நேசபாய் எங்கள் சங்கத்துக்கு வந்தாள். “அந்த பிளக்ஸையாவது தாருங்கோ.”

பெருந்தன்மையோடு கொடுத்தோம். லில்லி இப்போது அதற்கடியில்தான் நிற்கிறது. முகங்கள் உள்பக்கமாக இருக்கின்றன. அது தலையைத் தூக்கினால் நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பது தெரியும்.

அது தூக்குவதில்லை.