முட்டைக்கோஸுக்கு மூன்றாவது பொருள்

அகராதிக்காரர் அன்று காலை ஒரு சபதம் செய்தார். முட்டைக்கோஸ் என்ற சொல்லுக்கு மூன்றாவது பொருள் ஒன்றை அச்சில் ஏற்றாமல் ஓய்வதில்லை.

காரணம் ஒரு சட்டைப் பொத்தான். கணக்கு டீச்சரான அவர் மனைவி விடைத்தாள் திருத்தும் மும்முரத்தில் அதைத் தைக்கவில்லை. அகராதிக்காரருக்கும் இரண்டு கைகள் உண்டு என்பது யாருக்கும் தோன்றவில்லை, முக்கியமாக அவருக்கு.

"நீ ஒரு முட்டைக்கோஸ். உரிக்க உரிக்க இலைதான், உள்ளே சரக்கே இல்ல."

டீச்சர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. "அப்படி ஒரு அர்த்தம் உங்க அகராதில இருக்கா?"

"இல்ல."

"அப்போ செல்லாது. செடி ஒண்ணு, சமைக்கிற காய் ஒண்ணு. ரெண்டுதானே போட்டிருக்கீங்க?"

"மூணாவதும் போடுவேன்."

"தாராளமா போடுங்க."

போடலாம்தான். ஆனால் அலுவலகத்தில் ஒரு விதி இருக்கிறது. புதுப் பொருளில் ஒரு சொல்லை மூன்று பேர் தாமாகவே பேசியிருக்க வேண்டும். யார், எங்கே, என்றைக்கு என்று சீட்டில் எழுதி, பேசியவர் கையெழுத்தோடு தலைமைப் பதிப்பாசிரியர் அம்மாவிடம் தர வேண்டும். அகராதி ஊழியர்கள் பேசியது சேராது. விதியை எழுதியவரே நம் அகராதிக்காரர்தான்.

ஆகவே ஒரு வாரம் விடுப்பு எடுத்துத் தெருவில் சொல்லை விதைத்தார். தையற்காரரின் ஸ்டூலில் மதியம் வரை உட்கார்ந்து, சரக்கில்லாத ஆளை முட்டைக்கோஸ் என்று சொல்லலாமே என்றார். முடிவெட்டுகிறவரின் நாற்காலியை வெட்டிக்கொள்ளாமலே அடைத்துக்கொண்டார். காய்கறிக்கார அம்மாவோ தன் சரக்கைக் குறை சொன்னதாகச் சண்டைக்கு வந்தார். அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் நாலு வாடிக்கையாளர்கள் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள்.

சொல் முளைத்தது. தெருவே பேசியது. ஆனால் இவர் தலை தெரிந்தால் மட்டும் எல்லோரும் கப்சிப்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீச்சர், தானே தெருவில் எழுதி வாங்கிய மூன்று சீட்டுகளின் நகலை மேஜைமேல் வைத்தார். தேதி, இடம், கையெழுத்து, எதிலும் குறை இல்லை.

தையற்காரர்: "அந்த முட்டைக்கோஸ் இன்னிக்கும் வந்து உட்கார்ந்துடுச்சு."

முடிவெட்டுகிறவர்: "முட்டைக்கோஸ் கிளம்பட்டும், அப்புறமா வாங்க."

காய்கறிக்கார அம்மா: "பாவம் டீச்சரக்கா, வீட்ல ஒரு முட்டைக்கோஸ வச்சுக்கிட்டு எப்படித்தான் காலம் தள்ளுறாங்களோ."

அட்டையில் தன் பெயர் வரப்போகும் புத்தகம். அதற்குள்ளே தானே ஒரு பொருளாக உட்காருவதா? அகராதிக்காரர் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார்.

"அசலை அனுப்பிடாத. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"நேத்தே அனுப்பிட்டேன். பதிலும் வந்தாச்சு, பாருங்க."

பதிப்பாசிரியர் அம்மா இரண்டே வரிதான் எழுதியிருந்தார்: "மூன்றாவது பொருள் ஏற்கப்பட்டது. மேற்கொண்டு விசாரிக்கத் தேவையில்லை, ஆளை எனக்கும் தெரியும்."