அக்கா கல்யாணமும் ஒரு கொண்டை ஊசியும்

எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. இந்த ஒரு வரியைப் பத்தொன்பது வயதில் அப்பாவிடம் சொல்லியிருந்தால் என் அக்காவின் கல்யாண ஊர்வலம் ஒழுங்காக நடந்திருக்கும். ஆனால் அப்போது நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ இரண்டாம் வருடம். (முதல் வருடத்தில் இரண்டு அரியர் இருந்ததை வீட்டில் சொல்லவில்லை.) எண்ணெய்க் கறை பட்ட சட்டையைத் துவைக்கப் போடாமல் வாரக்கணக்கில் போட்டுக்கொண்டு திரிந்த காலம். தெருவில் யாராவது சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தால்கூட நின்று, "என்ன பிரச்னை?" என்று கேட்பேன். பதில் சொன்னால் புரியாது. இருந்தாலும் கேட்பேன்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவுக்கு ஒரு வேலி நிலமும் ஒரு பழைய காரும் இருந்தன. காரின் கம்பெனிப் பெயரைச் சொல்லப் போவதில்லை, இந்தக் கதையில் அதன்மேல் ஒரு குற்றமும் கிடையாது. சாம்பல் நிறம். உர மூட்டை, நெல் மூட்டை, பிரசவத்துக்குப் போகிற பெண்கள் என்று ஊரே ஏறி இறங்கிய வண்டி.

அக்கா ஸ்டெல்லா என்னைவிட நாலு வயது மூத்தவள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அப்பா அவளை வயலோரக் களத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். என்னைவிட அவளுக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. (இதை ஒப்புக்கொள்ளவே எனக்குப் பல வருடம் ஆனது.) கல்யாணம் நிச்சயமானதும் அம்மா எங்கள் மூவரையும் நிற்க வைத்துச் சொன்னாள்: "இவ வண்டி ஓட்டுவாங்கிறது மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியவே கூடாது. அடங்காத பொண்ணுன்னு நெனச்சுக்குவாங்க."

மாப்பிள்ளை சகாயராஜ், மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். தெருவுக்கு ஒரு பையனாவது வளைகுடாவில் இருந்த வருடங்கள் அவை. அவருக்கு நாற்பது நாள்தான் லீவு. நடுவில் சாம்பல் புதன் வந்துவிட்டால் தவக்காலம் முடிகிறவரை கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஆகவே அதற்கு முன்னால் என்று முடிவாயிற்று. அது சம்பா அறுவடை மும்முரமாக நடக்கிற சமயம்.

ஊர்வலத்துக்குத் தஞ்சாவூரிலிருந்து புது வெள்ளைக் கார் கொண்டுவருவதாக மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"இன்னும் ரெண்டு மாசத்துல விசா வந்துரும். அப்பறம் இந்த வண்டியில நான் எங்க ஏறப் போறேன்? கோயில்லேருந்து வீட்டுக்கு அப்பா வண்டியிலதான் வருவேன்" என்றாள்.

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்று வாரம் முன்னால்தான் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. கறுப்புக் கண்ணாடிக்குள் விரலை விட்டுத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். டாக்டர் அவரை வண்டி ஓட்டக் கூடாது என்றிருந்தார். ஆகவே ஓட்டப் போவது நான்.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது கிளட்ச் பெடல் தொளதொளவென்று ஆட ஆரம்பித்தது. பெடலை மிதித்தால் அடியில் ஒரு கம்பி இழுபட்டு கியர் பாக்ஸ் பக்கம் இருக்கிற நெம்புகோலைத் தள்ள வேண்டும். கம்பியையும் நெம்புகோலையும் கோத்து வைத்திருப்பது சுண்டுவிரல் அளவு ஒரு பின். அந்தப் பின் கழன்று விழாமலிருக்க அதன் ஓட்டையில் இன்னும் சின்னதாக ஒரு காட்டர் பின் போட்டு, நுனிகளை மடக்கிவிடுவார்கள். பெடலின் சத்தத்தைக் கேட்டே அப்பா சொல்லிவிட்டார், "பெரிய பின்னு தேஞ்சிருக்கு."

நீடாமங்கலம் மெக்கானிக் பட்டறையில் டிராக்டர்களும் கதிரடிக்கும் மெஷின்களும் வரிசையில் நின்றன. "அறுவடை முடியட்டுங்க, காரெல்லாம் அப்பறம் பாப்போம்" என்று சொல்லிவிட்டார் மெக்கானிக்.

"நானே பாத்துக்கறேன்பா" என்றேன். அந்த நாலு நாளில் வீட்டில் யாருக்கும் சாவகாசம் இல்லை. இருந்திருந்தால் என்னைத் தடுத்திருப்பார்கள்.

சைக்கிளில் போய்ப் புதுப் பின் வாங்கிவந்தேன். காட்டர் பின் வாங்கவில்லை, பழையதே போதும் என்று எண்ணம். இரண்டு செங்கல்லைச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்து அடியில் படுத்தேன். ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம் என்று பாலிடெக்னிக் புத்தகத்தில் போட்டிருந்தது. எனக்கு மத்தியானச் சாப்பாடு தாண்டி, சாயங்காலக் காபியும் தாண்டியது. புதுப் பின்னை ஒருவழியாகக் கோத்து முடித்துவிட்டுத் திரும்பினால் காட்டர் பின்னைக் காணோம். தரை முழுக்கத் துழாவினேன். பக்கத்தில் ஒரு கோழி மேய்ந்துகொண்டிருந்தது. அதுதான் கொத்திக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். (அந்தக் கோழி மறுநாளே குழம்பானது. வயிற்றில் பின் இல்லை என்பதை நானே நேரில் இருந்து உறுதி செய்தேன்.)

மறுபடி கடைக்கு ஏழு கிலோமீட்டர் மிதிக்க உடம்பில் தெம்பில்லை. ஜன்னல் கட்டையில் அக்காவின் கொண்டை ஊசி ஒன்று கிடந்தது. கறுப்பு, இரட்டைக் கால், கச்சிதமான கனம். ஓட்டையில் விட்டேன், அளவெடுத்துச் செய்ததுபோல் போய் உட்கார்ந்தது. கால்களை மடக்கப் பார்த்தேன். விறைப்பாக இருந்தது, விட்டுவிட்டேன். களத்தில் இருபது தடவை பெடலை மிதித்துப் பார்த்தேன், அருமையாக வேலை செய்தது.

அப்பா வந்தார். "காட்டர் பின் போட்டியாடா?"

"போட்டேன்பா."

"மடக்கி விட்டியா?"

"விட்டேன்பா."

இரண்டு கேள்வி, இரண்டு பொய். அப்பா என் தோளைத் தட்டினார். "நீ படிக்கிற படிப்புக்கு இன்னிக்குத்தாண்டா ஒரு அர்த்தம் தெரியுது" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை அதற்கு முன் வந்ததில்லை. அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

கல்யாணத்தன்று காலை அம்மா வீட்டைத் தலைகீழாக்கினாள். "நாலு ஊசி எடுத்து வச்சேன், மூணுதான் இருக்கு! எவ எடுத்தா?" அத்தை மேல் சந்தேகம் விழுந்தது. நான் காருக்குப் பூ கட்டுகிற சாக்கில் வெளியே போய்விட்டேன்.

பூசை முடிந்து ஊர்வலம் கிளம்பியது. முன்னால் பேண்டு செட், அடுத்து எங்கள் கார், பின்னால் நடந்துவரும் சொந்தக்காரர்கள், கடைசியில் மாப்பிள்ளை வீட்டு வெள்ளைக் கார். என் பக்கத்தில் அப்பா, பின் சீட்டில் பெண்ணும் மாப்பிள்ளையும். கோயிலில் சொன்ன கல்யாண வாக்குறுதியைத் தவிர இருவரும் அதுவரை ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அம்மா ஆரத்தி கரைக்க முன்னாலேயே வீட்டுக்குப் போயிருந்தாள். கோயிலிலிருந்து வீடு ஒன்றரைக் கிலோமீட்டர், வாய்க்கால் ரோடு.

எங்கள் பக்கத்தில் அறுவடைக் காலத்தில் வைக்கோலைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். ஒட்டிக்கொண்டிருக்கிற மிச்ச நெல்லைப் போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் உதிர்த்துக் கொடுக்கும். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். ஆனால் காருக்கு அடியில் இரண்டு கால் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு கொண்டை ஊசியை அந்த வைக்கோல் சும்மா விடாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வைக்கோல் ஊசியில் சுற்றி, சுற்றி, இழுத்தது. டக்கென்று ஒரு சத்தம். என் இடது கால் பெடலோடு சேர்ந்து தரைக்குப் போனது.

அந்த நேரம் பார்த்து முதல் தெருமுனையில் பேண்டு செட் நின்று ஒரு பாட்டை ஆரம்பித்தது. நான் பிரேக்கை மிதித்தேன். கியரிலேயே இருந்த வண்டி ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு அணைந்தது. பாட்டு முடிந்ததும் சாவியைத் திருகினேன். வண்டி தவளைபோல் ஒரு எட்டு பாய்ந்தது. மாப்பிள்ளையின் மாலை அவர் வாய்வரை ஏறியது. அக்காவின் வலை முக்காடு பறந்து அவர் முகத்தை மூடியது. அடுத்த முனையிலும் இதே கதை. மூன்றாவது பாய்ச்சலில் பெரிய டிரம் அடித்தவரின் பின்பக்கத்தைப் பம்பர் தொட்டுவிட்டது.

பேண்டு மாஸ்டர் ஜன்னல் பக்கம் வந்தார். "தம்பி, அவசரம்னா நீங்க முன்னாடி போங்க. நாங்க பின்னாலயே வாசிச்சுக்கிட்டு வர்றோம்."

"பொண்ணு வீட்டு வண்டிக்கு இந்தச் சம்பந்தம் புடிக்கல போலருக்கே" என்று மாப்பிள்ளையின் பெரியம்மா சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

அப்பா என்னைப் பார்க்காமல் கேட்டார். "கிளட்ச் போயிருச்சா?"

"ஆமாம்பா."

"காட்டர் பின்னு?"

"அது காட்டர் பின் இல்லப்பா. அக்காவோட கொண்டை ஊசி."

அதற்குள் வெள்ளைக் காரிலிருந்து மாப்பிள்ளையின் மாமா இறங்கி வந்தார். "பரவாயில்லீங்க, பொண்ணு மாப்பிள்ளைய நம்ம வண்டிக்கு மாத்திருவோம்." நல்ல மனிதர், நல்லவிதமாகத்தான் சொன்னார். அப்பாவின் கை கதவுக் கைப்பிடிக்குப் போனது. கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். அக்கா அவரிடம் கேட்டது இந்த ஒன்றரைக் கிலோமீட்டர் மட்டும்தான். அதையும் நான் கெடுத்துவிட்டேன். வாய்க்காலில் முழங்கால் அளவுத் தண்ணீர்தான் ஓடியது. இல்லையென்றால் குதித்திருப்பேன்.

அப்பா கைப்பிடியை விட்டார். பின்னால் திரும்பி, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "ஸ்டெல்லா, நீ வந்து எடும்மா."

அக்கா மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவரிடம் அவள் தானாகப் பேசிய முதல் வாக்கியம் இதுதான்: "எனக்குக் கார் ஓட்டத் தெரியும்."

மாப்பிள்ளை மாலையை வாயிலிருந்து கீழே இறக்கினார். "அப்பாடா. எனக்குத் தெரியாதுங்க. மஸ்கட்ல ரெண்டு தடவ லைசென்ஸ் டெஸ்ட்ல பெயிலாயிட்டேன். வீட்டுல சொல்லல."

அக்கா சிரித்துவிட்டாள். நிச்சயதார்த்தத்திலிருந்து அன்றுவரை அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டியரிங்குக்கு வந்தாள். மாப்பிள்ளை முன் சீட்டுக்கு மாறினார், அப்பா பின்னால் போனார்.

"நீ எறங்குடா. நின்னுட்டா தள்ள ஆள் வேணும்" என்றாள் என்னைப் பார்த்து. பிறகு தலையை வெளியே நீட்டினாள். "மாஸ்டர், பேட்டரி இன்னும் ஒரு தடவதான் தாங்கும். கெளம்பிட்டா வீட்டுலதான் நிக்கும். பாட்டையும் வேகமா வாசிங்க, காலையும் வேகமா எடுத்து வைங்க."

முதல் கியரில் போட்டுச் சாவியைத் திருகினாள். வண்டி ஒரே ஒரு எட்டு குதித்துவிட்டு ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டது. மனுஷன் ஓடினால்தான் ஈடுகொடுக்கக்கூடிய வேகம். பேண்டு செட் ஓடியது. மாதா பாட்டு ஒன்றை அவர்கள் வாசித்த வேகத்துக்கு மாதாவே திரும்பிப் பார்த்திருப்பாள். ரோட்டில் செங்கல் வைத்துக் காயப்போட்டிருந்த யாருடைய நெல்லையோ அக்கா ஒரு மணி சிதறாமல் ஒதுக்கி ஓட்டினாள். பெரியம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். நான் டிக்கியைப் பிடித்தபடி கடைசிவரை ஓடினேன்.

பந்தல் வாசலில் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள். காரை ஓட்டிவருவது யார் என்று தெரிந்ததும் தட்டில் இருந்த தண்ணீர் பாதி தரைக்குப் போனது. அக்கா வாழைமரத்துக்கு ஒரு முழம் முன்னால் பிரேக் அடித்தாள். வண்டி உலுக்கி அணைந்தது.

"சம்பந்தி, அது வந்து, சும்மா களத்துல, வெளையாட்டுக்கு..." என்று அம்மா இழுத்தாள்.

மூச்சிரைக்க வந்துசேர்ந்த மாப்பிள்ளையின் அம்மா கையமர்த்தினார். "இருக்கட்டும் சம்பந்தி. ஒருத்தருக்காவது ஓட்டத் தெரிஞ்சிருக்கே. இவன் ரெண்டு தடவ பெயிலானது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கான்."

அன்றைக்குப் பந்தியில் அப்பா ஒவ்வொரு இலையாகப் போய் நின்று, "எம் பொண்ணுதான் ஓட்டுனா, பாத்தீங்கல்ல?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். காரை ரிப்பேர் செய்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை, அதுவரை நல்லது.

மஸ்கட் போன முதல் வருடமே அக்கா முதல் தடவையிலேயே லைசென்ஸ் எடுத்தாள். மச்சான் ஐந்தாவது தடவை எடுத்தார். கல்யாண ஆல்பத்தில் இன்றும் அந்தப் படம் இருக்கிறது: ஸ்டியரிங்கில் மாலையோடு அக்கா, பக்கத்தில் வாய்விட்டுச் சிரிக்கும் மச்சான், பின்னால் கறுப்புக் கண்ணாடியோடு அப்பா. டிக்கியில் ஒரு கை மட்டும் தெரியும். வீட்டுக்கு வருகிற புது மருமகன்களிடம் எல்லாம் அந்தக் கை யாருடையது என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

அதைவிடப் பெரிய தண்டனை ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் நான் எதைச் செய்தேன் என்று சொன்னாலும், கதவைப் பூட்டினேன், கரண்டு பில் கட்டினேன், எதுவானாலும் சரி, உடனே ஒரு குரல் கேட்கும்: "மடக்கி விட்டியா?" அப்பா ஆரம்பித்தது. அம்மா, அக்கா, என் மனைவி, என் மகள் என்று பரவிவிட்டது. அப்பாவின் கடைசி வருடத்தில் மாத்திரை சாப்பிட்டாரா என்று போனில் கேட்டேன். "சாப்ட்டேன்டா" என்றார். "மடக்கி விட்டீங்களா?" என்றேன். இருமல் வருகிறவரை சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

இதை எழுதி முடித்ததும் அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். "எல்லாத்தையும் உள்ளபடி எழுதிட்டியா?" என்றாள். எழுதிவிட்டேன் என்றேன். "மடக்கி விட்டியா?" என்றாள்.

இல்லை. கல்யாணம் முடிந்த மறுவாரம் என் எண்ணெய்ச் சட்டையை அம்மா பிடுங்கித் துவைக்கப் போட்டாள். பையைத் துழாவச் சொன்னாள். காட்டர் பின் அதற்குள்தான் இருந்தது. யாருக்கும் தெரியாமல் வாய்க்காலில் எறிந்துவிட்டேன். அந்தக் கோழி பாவம்.