அங்குலம் பிசகாத வீடு

மனித குலம் தான் எங்கே நிற்கிறது என்றே தெரியாமல் ஆதிகாலம் தொட்டு நின்றுகொண்டிருந்தது. அந்த அவலத்தைத் துடைத்தெறிந்த பெருமை எங்கள் ராணுவத்தின் 'வரைபடத் துல்லியத் தலைமைப் பிரிவை'யே சாரும். அதில் நானும் ஓர் ஊழியன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஏக மகிழ்ச்சி.

எங்கள் இயக்குநருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் தசமப்புள்ளி. "வீடு எங்கே சார்?" என்று கேட்டால் தெருப் பெயர் சொல்லமாட்டார். அட்சரேகை, தீர்க்கரேகை சொல்லி, புள்ளிக்குப் பிறகு வரும் எண்களை மூச்சு முட்டும்வரை ஒப்பிப்பார். அப்பேர்ப்பட்ட மேதை.

ஒருமுறை மேலிடத்திலிருந்து தளபதி பார்வையிட வந்தார். பெரிய திரையில் செயற்கைக்கோள் படம் பளிச்சென்று தெரிந்தது. ஒரே குறை, அதில் எதிரி இல்லை. வெறும் வரைபடத்தைக் காட்டினால் மரியாதையாகவா இருக்கும்?

"சாம்பிளுக்கு ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கய்யா. அதோ, அந்த நீலத் தண்ணித் தொட்டி எவ்வளவு அழகா தெரியுது!" என்றார் தசமப்புள்ளி.

அது என் அக்கா வீட்டு மொட்டைமாடித் தொட்டி. தளபதி கைதட்டினார், டீ குடித்தார், போய்விட்டார். புள்ளி போகவில்லை.

பிறகு எல்லையில் சண்டை மூண்டது. சிவப்புப் புள்ளிகள் அனைத்தும் வெள்ளிக்கிழமை காலை 'கவனிக்கப்படும்' என்று உத்தரவு வந்தது. புள்ளி எல்லைக்கு எந்தப் பக்கம் என்று குண்டு போடும் இயந்திரம் கேட்பதில்லை. அது எவ்வளவு பெரிய நேர மிச்சம்!

நான் பதறியடித்து ஓடினேன். "சார், அந்தப் புள்ளிய எடுத்துடுங்க. அது எங்க அக்கா வீடு."

"அப்படியெல்லாம் வாய்ச்சொல்லுக்கு எடுக்க முடியாது. நேர்ல போய் சரிபார்க்கச் சொல்றேன்."

சரிபார்ப்புக் குழு ஆன்டெனா வைத்த வண்டிகளில் போய் இறங்கியது. குழுத்தலைவர் மாடியேறிக் கருவியைத் தொட்டியின் மேல் வைத்தார். கருவி 'பீப்' என்றது. அவர் கண் கலங்கிவிட்டது.

"அம்மா, உங்க வீடு எங்க இருக்கணுமோ அங்கயே இருக்கு! அங்குலம் பிசகல!"

"கட்டின நாள்லேர்ந்து இங்கதான் தம்பி இருக்கு" என்றாள் அக்கா. ஏதோ பரிசு விழுந்திருக்கிறது என்று நினைத்து மாமா எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தார்.

அன்று மாலையே திரையில் அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் முளைத்தது. 'உறுதி செய்யப்பட்ட இலக்கு.'

"சார், என்ன சார் இது!" என்று நான் அலறினேன்.

"எதுக்குக் கத்தறீங்க? இடம் சரியா?"

"சரி சார்."

"உயரம்?"

"சரி சார்."

"அப்புறம் வரைபடத்துல என்னய்யா தப்பு?"

"அங்க இருக்கறது எதிரி இல்ல சார். எங்க அக்கா!"

"'எங்கே'ங்கறதுதான் நம்ம வேலை. 'யாரு'ங்கறது வேற டிபார்ட்மென்ட்."

"அது எங்க சார் இருக்கு?"

தசமப்புள்ளி திரையை இழுத்து இழுத்துத் தேடினார். "வரைபடத்துல காணோமே" என்று வருத்தப்பட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அக்கா, மாமா, குழந்தை, தையல் மெஷின் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி நேராக அலுவலகத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். அக்கா தசமப்புள்ளியின் மேசை மேல் குழந்தையை உட்கார வைத்தாள். "புள்ளிய எடுங்க, அப்பதான் எழுந்திருப்போம்" என்றாள். அவர் பதில் சொல்ல வாயெடுத்தபோது தொலைவில் 'டமார்' என்றது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஊழியர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"துல்லியம்!" என்று தசமப்புள்ளி அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்க ஒத்துழைப்பு இல்லாம இது நடந்திருக்காதும்மா."

"என் வீடு போச்சேய்யா!"

"யார் சொன்னது? இதோ பாருங்க." திரையில் நீலத் தொட்டி கம்பீரமாக நின்றது. போன வருடப் படம். "வரைபடத்துல உங்க வீடு பத்திரமா இருக்கு."

அக்கா திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாமா தையல் மெஷினைக் கட்டிக்கொண்டு அழுதார்.

மதியம் தளபதியிடமிருந்து பாராட்டு வந்தது. மறுநாள் அவரே நேரில் வருகிறாராம். திரையில் இப்போது ஒரு புள்ளிகூட இல்லை. தசமப்புள்ளி கையைப் பிசைந்தார். "சாம்பிளுக்குப் பளிச்சுன்னு ஏதாவது வேணுமே..."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "சார், உங்க வீட்டு மாடியில தொட்டி என்ன கலர்?"

அவர் முகம் வெளுத்தது.

"சரி, கலர் வேண்டாம். வீடு எங்க இருக்கு? அத மட்டும் சொல்லுங்க."

கேட்டவுடனே தசமம் தசமமாக ஒப்பிக்கும் அந்த மேதை வாயே திறக்கவில்லை. மெதுவாக எழுந்து போய்த் திரையை அணைத்தார்.

'யாரு' என்கிற டிபார்ட்மென்ட் எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அது எங்கள் இயக்குநரிடமேதான் இருந்திருக்கிறது. அவர் வீட்டுக்கு மட்டும் வேலை செய்கிறது.