செங்கல்வராயன் ஹெட்லைட் எரித்த படலம்

வாழ்க சேக்காட்டுக் கோமான்! கிரீஸ் தோய்ந்த கரத்தினன், ஸ்பேனர் தாங்கிய தோளினன், அம்பத்தூர்ப் பட்டறையில் இரும்பைக் கடைந்து இல்லறம் காக்கும் ஏறு, புதுமாப்பிள்ளை செங்கல்வராயன் வாழ்க! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டாம் ஆண்டின் ஐப்பசித் திங்களில், பட்டாள ஏலத்தில் எடுத்த பழைய மோட்டார் சைக்கிளோடு அம்மறவன் ஆற்றிய பெருஞ்சமரைப் பாடப் புகுந்தோம். நாமகளே, எம் நாவில் வந்து உட்கார். கொஞ்சம் பார்த்து உட்கார், சேலையில் கிரீஸ் ஒட்டிக்கொள்ளும்.

அவ்வாகனத்தின் குலப்பெருமை சொல்லி மாளாது. வெள்ளைக்காரன் சண்டையில் ஓடிக் களைத்து, கிடங்கில் துருவேறித் துயின்று, செங்கல்வராயன் கைபட்டு மறுபிறவி கொண்டது அது. அதன் முழக்கம் கேட்டால் பருத்திப்பட்டு ஏரிக் கொக்குகள் கூண்டோடு எழும். எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடும். விளக்கும் ஹாரனும் மட்டும் பேட்டரியின் தயவில் வாழ்வன. அந்தப் பேட்டரிக்குச் சோறூட்டும் தாய் டைனமோ. அந்தோ, ஆயுத பூஜை கழிந்த மறுவாரம் தாய்க்கும் பிள்ளைக்கும் என்ன மனத்தாங்கலோ, விளக்கு கண்ணை மூடிவிட்டது.

மூடியதுதான் மூடியது, வேறு இடம் கிடைக்கவில்லையா அதற்கு? மாமனார் ஊராம் குமணன்சாவடியில், தலை தீபாவளிக்கு அழைப்பு வாங்கிக்கொண்டு அந்திப்பொழுதில் திரும்புகையில், மாமியாரும் அக்கம்பக்கத்துப் பெண்டிரும் வாசலில் திரண்டு வழியனுப்பி நிற்கையில், வெளிறிச் சிவந்து செத்தது. மச்சான் ஆனந்தன் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு கரையான்சாவடி வரை வண்டிக்கு முன்னால் நடந்தான். நடந்ததோடு வாயை மூடிக்கொண்டானா? "மாமே, தீபாவளிக்கு வர்றப்போ மெழுகுவர்த்தி எடுத்துகினு வாங்க" என்றான். அன்று இரவு செங்கல்வராயனுக்குச் சோறு இறங்கவில்லை.

"கேளீர் சேக்காட்டீர்! திசையெட்டும் இருள் கிழிய இவ்வாகனத்தின் நெற்றிக்கண் திறவாவிடில், தலை தீபாவளி எண்ணெயை என் தலை தாங்காது! பேருந்தேறி மாமனார் வாயில் மிதியேன், மிதியேன்!" என்று சூளுரைத்தான் வீரன். அவன் வாயிலிருந்து மெய்யாக வந்த சொற்கள், "லைட்டு எரிஞ்சாத்தான் உங்க ஊட்டுக்கு வருவேன். பஸ்ல போனா என் பேரு செங்கல்ராயன் இல்ல" என்பன. கேட்டுக்கொண்டிருந்தவள், கைப்பிடித்து இரண்டு மாதமே ஆன மனைவி பார்வதம். தாலி ஏறிய பின் தாய்வீட்டில் அவள் கொண்டாடப்போகும் முதல் பண்டிகை. அவளுக்கிருந்த ஆசைக்கு நடந்தே போயிருப்பாள்.

போர் மூண்டது. முதற்சமரில், திராவகம் சுமந்த கரும்பெட்டியாம் பேட்டரியைப் பெயர்த்தெடுத்து, பூந்தமல்லிக்கு மடியில் ஏந்திச் சென்று, சார்ஜ் ஏற்றி மீட்டு வந்து பூட்டினான். விளக்கு எரிந்தது, தெரு அதிர ஹாரன் முழங்கியது, மறுநாள் மாலை இரண்டும் அடங்கின. மீட்டரின் முள்ளோ, எஞ்சின் எவ்வளவு உறுமினும், சார்ஜ் ஏறும் வலப்புறம் வாராது, சீர் குறைந்த சம்பந்தியைப் போல இடப்புறமே முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தது. திராவகம் தெறித்து வேட்டியில் விழுந்த ஓட்டைகள்தான் கண்ட பலன்.

இரண்டாம் சமருக்கு நட்புப்படை வந்தது. பூந்தமல்லியில் மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றும் கடை வைத்திருந்த ஆருயிர்த் தோழன் ஹாஜா மொய்தீன் சைக்கிளேறி வந்திறங்கி, டைனமோவில் காதை வைத்துக் கேட்டு, "பிரஷ் தேஞ்சிகீது அண்ணாத்தே, வேற ஒன்னியும் இல்ல" எனத் தீர்ப்பளித்தான். கரிப்பிரஷ் இரண்டும் புதிதாயின, உப்புத்தாள் தேய்த்த தேய்ப்பில் செம்பு பொன்னாய் ஒளிர்ந்தது, முள் அசையவில்லை. டைனமோவைத் தனியே ஒரு பல்பில் கோத்து ஓட்டினால், பல்பு பளீரென்று எரிகிறது! டைனமோ நிரபராதி. பேட்டரியும் நிரபராதி. இரண்டுக்கும் நடுவே எவனோ நின்று மின்சாரத்தை மறிக்கிறான். "இன்னாபா இது, பேய் கீய் பூந்துகீதா?" என்று கேட்டுவிட்டு ஹாஜா கடையைத் திறக்கப் போய்விட்டான்.

தீபாவளிக்கு முந்திய பகலில் மூன்றாம் சமர். செவ்வண்ண வயர், பசுவண்ண வயர், எண்ணெய் ஏறி எவ்வண்ணமென்றே தெரியாத வயர் என வாகனத்தின் குடலெல்லாம் உருவித் தெருவில் போட்டு, ஒவ்வொன்றாய்ச் சோதித்து, ஒவ்வொன்றாய்த் திரும்பச் சொருகினான் நம் வீரன். பார்வதம் பட்டுடுத்தி, பையில் துணி அடுக்கி, வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். வெயில் சாய்ந்தது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அதைப் பார்த்த செங்கல்வராயன், மச்சான்மேலிருந்த ஆத்திரமெல்லாம் எங்கோ போய், பாவி, நல்லநாளும் அதுவுமாக இவளை அழவைத்துவிட்டோமே என்று துடித்தான்.

"எல்லாத்தியும் பிரிச்சீங்க, அந்தக் கருப்புப் பொட்டிய மட்டும் ஏன் தொறக்கல?" என்றாள் அவள்.

சீட்டுக்கடியில் கையகலத்தில் இருந்தது அந்தப் பெட்டி. கட்-அவுட் என்பது அதன் திருநாமம். டைனமோவிலிருந்து பேட்டரிக்குப் போகும் பாதையில் சுங்கச்சாவடியாய் அமர்ந்து, உள்ளிருக்கும் முனைகள் இரண்டும் ஒட்டினால் கரண்ட்டை விடுவதும் விலகினால் மறிப்பதும் அதன் உத்தியோகம்.

"அத்த தொறக்கத் தேவையில்ல. ஆயுத பூஜைக்கு உள்ள கூட விடாம பொட்டு வச்சி கும்புட்டுகீறேன். அங்கல்லாம் ஒரு கோளாறும் வராது."

"உள்ளயுமா? உள்ள போயி யாருனா பொட்டு வப்பாங்களா?"

ஸ்பேனர் கைநழுவித் தரையில் விழுந்தது. மூடியைத் திறந்தான். ஆங்கே, ஒன்றோடொன்று ஒட்ட வேண்டிய முனைகள் இரண்டுக்கும் நட்டநடுவில், காய்ந்து கல்லாகி, குங்குமத் திலகம் தரித்து, கொலுவீற்றிருந்தது அவன் தன் கையாலேயே பக்தி பெருகி அப்பிய சந்தனம். பார்வதம் கண்ணீர் காயாத முகத்தோடு சிரிக்கத் தொடங்கினாள். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தலையிலிருந்த ஊசியை உருவி அவள் சுரண்ட, அவன் உப்புத்தாளால் தேய்த்தான்.

உதைத்தான் கிக்கரை! உறுமிற்று வாகனம்! வலப்புறம் சாய்ந்தது முள்; திறந்தது நெற்றிக்கண்; எதிர்வீட்டுக் குப்பம்மாளின் சுவரில் முழுநிலா எழுந்தது. "இன்னொரு தபா காட்டு நைனா" என்று குப்பம்மாள் வேண்ட, அவளுக்காக ஒருமுறை ஆக்ஸிலேட்டரை முறுக்கி, பட்டாசை விட்டுவிட்டு ஓடிவந்த பிள்ளைகளுக்காகப் பலமுறை முறுக்கி, வேலைவிட்டு வந்த ஆடவர் ஒவ்வொருவருக்கும் முள் சாயும் அழகை விளக்கி விளக்கி முறுக்கி, தெருவே வாழ்த்தொலி எழுப்ப, பட்டுச்சேலை சரசரக்கப் பார்வதம் பின்னே ஏறி அமர, ஆனந்தன் முகத்தில் இந்த வெளிச்சத்தை நேராக அடிக்கும் அப்பெருங்கணத்தை எண்ணிப் பூரித்து, இருள் மண்டிய பூந்தமல்லிச் சாலையை வெல்லப் புறப்பட்ட செங்கோல் வேந்தனாய் நெஞ்சு நிமிர்த்தி, கியரை மிதித்தான் செங்கல்வராயன்.

பெட்ரோல் தீர்ந்துவிட்டதால் ரெண்டு பேரும் பஸ்ஸில் போனார்கள், பார்வதத்துக்கு மட்டும் உட்கார இடம் கிடைத்தது.